துளியைக் குடிக்கும் துணி

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அனுப்பிய கம்பளிப் போர்வை நேற்று மதியம் வந்து சேர்ந்தது. இதை எனக்கு முதலில் தெரிவித்தவர் தபால்காரர். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "அம்மா, உள்ள சென்ட் பாட்டில் ஏதாவது உடைஞ்சிருக்கான்னு பாத்துக்குங்க. காலையிலேருந்து என் பையில இருக்கிற கரண்ட் பில்லுகூட மணக்குது" என்றார். பிரித்துப் பார்த்தேன். எதுவும் உடையவில்லை. மணந்தது போர்வையேதான்.

இங்கே நானும் அவரும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். பூச்சி அரித்த ஓட்டை எங்கே இருந்தது என்று விளக்கின் கீழ் பிடித்துத் தேடினேன். கண்ணுக்கும் அகப்படவில்லை, விரலுக்கும் அகப்படவில்லை. யாரோ வேண்டாம் என்று தள்ளிய ஒரு பொருளை இன்னொருவர் ஆசையாக எடுத்துப் போர்த்திக்கொள்ளும்படி செய்யும் கை உனக்கு வாய்த்திருக்கிறது. பழைய பொருள் கடை வைத்திருப்பவர்கள் பலர். இப்படிச் செய்பவர்கள் சிலர்.

ஆனால் அண்ணா, அதைப் போர்த்திக்கொள்ள முடியவில்லை. ஊதாப்பூவையும் சர்க்கரையையும் கழிவறை வில்லையையும் ஒன்றாக அரைத்தால் வரும் மணம். பால்கனியில் போட்டேன். அங்கே குடியிருந்த புறாக்கள் வேறு வீடு பார்த்துப் போய்விட்டன என்று அவர் சொல்கிறார். இன்று காலை பரிசோதனைக் கூடத்தில் இன்னும் மோசம். என் வேலை உனக்குத் தெரியும். ஊருக்குப் போகும் குடிநீரைக் குடுவையில் சுடவைத்து, குலுக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து குறிக்க வேண்டும். அதற்காகவே எங்கள் அறைக்குப் பவுடர் பூசி வரக்கூடாது, பூ வைக்கக்கூடாது, மணக்கும் சோப்பில் குளித்துவிட்டும் வரக்கூடாது. இன்று நான் திறந்த எல்லாக் குடுவையிலும் ஊதாப்பூ வந்தது. மேலதிகாரி என்னை எழுப்பி ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டார்.

போனில் சொன்னால் நடுவில் புகுந்து "சரி, சரி, விடு" என்பாய். அதனால்தான் கடிதம். எவ்வளவு அடித்தாய்? எதற்காக அடித்தாய்?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை

ஜூன் 16

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முட்டி படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். புறாக்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்.

வாசலில் நின்று மூக்கை நீட்டி, மழை வரப்போகிறது என்று நீ சொல்ல, நாங்கள் கொடியிலிருந்து துணி எடுத்த காலத்தில் வைத்த பெயர் அது. இன்றுவரை பொருந்துகிறது. ஆனால் அந்த மூக்கை வைத்து என் கடையை அளக்காதே. நான் அடித்தது கொஞ்சம்தான். பழைய துணி என்றால் ஜனங்களுக்கு முதல் பயம் வாசனைதான். அடுத்தவர் அலமாரி, அடுத்தவர் வேர்வை, அடுத்தவர் வீட்டு நாய். உன் அண்ணி இருந்தவரை அதெல்லாம் அவள் பொறுப்பு. ஒரு சட்டையைக் கையில் வாங்கினால் கழுத்தருகே ஒரு முறை முகர்வாள். "இது தேறும்", "இது தேறாது". அவ்வளவுதான். அவள் போன பிறகு நான் என் வழியில் பார்த்துக்கொள்கிறேன்.

கடை சுமார்தான். வருகிறவர்கள் வாசல் வரை வருகிறார்கள், அங்கே நின்று வேறு ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோலத் திரும்பிவிடுகிறார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெரிய கடை ஒன்று திறந்திருக்கிறார்கள், அதன் வேலையாக இருக்கும். நம் தையல்காரர், அதுதான் ஊசி, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் வெளித் திண்டில் போட்டுக்கொண்டார். "உள்ள வெளிச்சம் பத்தலண்ணே" என்கிறார். புது விளக்கு மாட்டினேன். அப்படியும் உள்ளே வரவில்லை. வயதாக ஆக மனிதர்களுக்கு எதையாவது குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நீ ஒரு வாரம் வந்து இரு. போன வருஷம் வந்த மறுநாளே ஆபீஸ் வேலை என்று ஓடினாய். இப்போது வீடு நன்றாக இருக்கிறது. சுவரில் ஒரு மெஷின் மாட்டியிருக்கிறேன், தானாகவே பீய்ச்சும். அண்ணியின் பீரோவைக்கூட அப்படியே விட்டுவிடவில்லை. அவ்வப்போது திறந்து நன்றாக அடித்துப் பூட்டிவைக்கிறேன்.

கம்பளி பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பு. வேறு ஆள் வாங்குவார்.

கோபமில்லாத,
அண்ணன்

ஜூன் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மட்டும் ஸ்கூட்டர் நோய். விடுமுறை நாள் முழுக்க அதைப் பிரித்துப் போட்டு, மாலையில் ஒரு திருகு மிச்சம் வைக்கிறார்.

கோபமில்லை என்று நீ எழுதினால் கோபம் என்று எனக்குத் தெரியும். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆபீஸ் வேலை எதுவும் இல்லை. உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தொண்டை கட்டிக்கொண்டது. படுத்தால் இருமல். தலையணை உறை, திரை, துண்டு எல்லாவற்றிலும் அதே ஊதாப்பூ. உன் மனம் நோகுமே என்று சொல்லாமல் வந்துவிட்டேன். நீ அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

கம்பளியை நான் திருப்பி அனுப்புவது பிடிக்காததால் அல்ல. அண்ணி செய்வதைப் பார்த்து வைத்திருந்தேன். அதே மாதிரி குளிர்ந்த நீரில் வினிகர் கலந்து ஊறவைத்து, பிழியாமல் துண்டில் உருட்டி, நிழலில் காற்றாட விட்டேன். போகவில்லை. மறுபடி செய்தேன். வாசனையை ஏற்றுவதற்கு ஒரு அழுத்து போதும், இறக்குவதற்கு எத்தனை வாளித் தண்ணீர்! கடைசியில் ஆட்டு ரோமத்தின் வாசனை மட்டும் மிஞ்சியது. அண்ணிக்கு இதெல்லாம் பேச்சுக்கு நடுவே நடக்கும். எனக்கு இடுப்பு போய்விட்டது. இத்தனை வருஷம் அவர் செய்தது என்ன வேலை என்று இப்போதுதான் புரிந்து வியக்கிறேன்.

அது வந்ததும் முகத்தில் வைத்து ஆழமாக முகர்ந்து பார். சுத்தம் என்றால் இதுதான், வேறு எந்த மணமும் வேண்டியதில்லை என்று உனக்கே தெரியும். சுவரில் இருக்கும் மெஷினை ஒரு வாரமாவது அணைத்து வை.

பாசத்துடன்,
தங்கை

ஜூலை 1

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன், நலமெல்லாம் அடுத்த கடிதத்தில். பார்சலை அனுப்ப எடுத்துப் போனவர் உன் மாப்பிள்ளை. ஸ்கூட்டர் பெட்டியில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி ஒன்று கிடந்திருக்கிறது. அதன் மேலேயே பார்சலை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். தபால் அலுவலகப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், உள்ள ஸ்டவ்வா?" என்று கேட்டாளாம். அதை எனக்கு இன்றைக்குத்தான், ஏதோ வேடிக்கை மாதிரி, காபி குடித்துக்கொண்டே சொல்கிறார்.

என் உழைப்பெல்லாம் போச்சு. அது போகட்டும். கவர் பிரித்ததும் அது குப்பென்று அடிக்கும். இஸ்திரி மேசைப் பக்கம் வைக்காதே. மொட்டை மாடியில் போடு. மிச்சத்தை நான் வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை

ஜூலை 2

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

நான் சௌக்கியம். கம்பளி இன்று வந்தது. போன வருஷத்து விஷயத்தை எழுதினாயே, அதைப் படித்துக் கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் நிம்மதி. என்மேல் ஏதோ மனத்தாங்கல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஊதாப்பூ மேல்தானா? சரி.

நீ சொன்னபடியே செய்தேன். முகத்தில் வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். நீ சொன்னது நூற்றுக்கு நூறு. சுத்தமான கம்பளி வாசனை, வேறு எதுவும் இல்லை. உன் அண்ணி துவைத்த மாதிரியே இருக்கிறது. ஊசியிடமும் காட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னண்ணே இது" என்று தள்ளி நின்றார். அவருக்கு எதிலும் குறைதான்.

இஸ்திரி மேசைக்குப் பக்கத்திலேயே மடித்து வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படட்டும் என்று. கெட்டிக்காரி நீ.

மாப்பிள்ளையின் ஸ்கூட்டருக்கு ஆசி.
அண்ணன்

ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் நான் ஒன்றாம் தேதி எழுதியதைப் படித்திருப்பாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பாய். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. உனக்கு வாசனை தெரிகிறதா, அண்ணா? ஒரு வார்த்தை எழுது, போதும். எதுவாக இருந்தாலும் நீ நீதான், நான் நான்தான்.

பதில் வரும்வரை கேஸ் அடுப்பைப் பார்த்துப் பயன்படுத்து. கம்பளியை அந்த மேசையிலிருந்து எடுத்துவிடு.

அன்புடன்,
மூக்கம்மா

ஆகஸ்ட் 11

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் அண்ணன் கடையில் தைக்கிற நான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுக்கவும். உங்கள் விலாசம் பார்சல் கவரில் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம். நான் வெளியே திண்டில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். துணி தீயிற வாடை வந்தது. பக்கத்து ஓட்டலோ என்று பார்த்தேன். இல்லை, நம்ம கடைதான். உள்ளே ஓடினால் இஸ்திரிப் பெட்டி ஒரு கோட்டு மேல் கவிழ்ந்து கிடக்கிறது, புகை எழும்புகிறது. அண்ணன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் நின்று, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சட்டை மடித்துக்கொண்டிருக்கிறார். நான் கத்தினேன்: "அண்ணே, பின்னாடி பாருங்க!" திரும்பிப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "உனக்கு எவ்வளவு நாளா தெரியும்?" என்று கேட்டார்.

எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும் அம்மா. அண்ணன் சம்சாரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோன மறு மாசமே அண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதோடு வாசனை தெரிவது போனதுதான். பால் திரிந்தால் தெரியாது. சென்ட் அடித்தால் அடித்ததே தெரியாது, அதனால் மறுபடி அடிப்பார். வெளிச்சம் இல்லை என்று நான் சொன்னது பொய். உள்ளே உட்கார்ந்தால் எனக்குத் தலை வெடிக்கும். இவ்வளவு நல்ல மனுஷனிடம் உங்கள் கடை நாறுகிறது என்று எப்படிச் சொல்ல?

பெட்டியை நானே அணைத்தேன். உங்கள் மண்ணெண்ணெய்க் கம்பளியை அது வந்த அன்றைக்கே மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். அது மேசை பக்கத்திலேயே இருந்திருந்தால் நேற்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நீங்கள்தான் எழுத வேண்டும். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தாலும் பரவாயில்லை.

வணக்கத்துடன்,
தையல்காரர்

ஆகஸ்ட் 20

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

ஊசி உனக்கு எழுதியதை ஊசியே வந்து சொல்லிவிட்டார். ரகசியம் அவர் வாயில் தங்காது, என் விஷயம் ஒன்றைத் தவிர.

நீ ஒரு வார்த்தை கேட்டாய். அதை எழுத எனக்கு இவ்வளவு நாளானது. தெரியவில்லை அம்மா. எதுவும் தெரியவில்லை. சோறு வேகிறது கண்ணுக்குத்தான் தெரிகிறது. மழை நனைத்தால்தான் மழை. காய்ச்சல் விட்டதும் வந்துவிடும் என்று இருந்தேன். வரவில்லை. உன் கம்பளியை முகத்தில் வைத்தபோது நீ எழுதியிருந்ததை அப்படியே எனக்கு வாசனையாக நினைத்துக்கொண்டேன். அது பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

யாரிடமாவது சொன்னால், மூக்கில்லாதவன் பழைய துணி விற்கிறான் என்று ஆகிவிடும். அதுதான் பயம். சட்டையைக் கையில் எடுத்தால் அதில் என்ன நாற்றம் இருக்கிறதோ, எனக்குத்தான் தெரியாதே என்று ஒரு பதற்றம். அதனால் அடித்தேன். அடித்தது போதுமா என்று தெரியாததால் இன்னும் அடித்தேன். கடைக்கு வந்தவர்களை விரட்டியது பெரிய கடை அல்ல, நான்தான்.

காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். இளம் பெண், பொறுமையாகக் கேட்டார். "நரம்பு சம்பந்தப்பட்டது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம். தினமும் சில பொருள்களை முகர்ந்து பழகுங்க, டிசம்பர்ல மறுபடி பாக்கலாம்" என்றார். "எதை முகரட்டும்?" என்று கேட்டேன். "உங்களுக்கு நல்லா ஞாபகமிருக்கிற வாசனையா பாத்து எடுங்க" என்றார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சுவர் மெஷினைக் கழற்றிவிட்டேன். பாட்டில்களையெல்லாம் ஊசி எடுத்துப் போனார். இனி என்ன? வாசனை தெரியாதவன் இந்தக் கடையை எப்படி நடத்துவது? மூடிவிடலாம் என்று நினைக்கிறேன். உன் அண்ணியோடு சேர்ந்து போட்ட கடை. நீ என்ன சொல்கிறாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்,
அண்ணன்

ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

மூடாதே. இது என் முதல் வரி, கடைசி வரியும் இதுதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் எழுந்து போய் ஸ்கூட்டரைத் துடைத்தார். மனம் கனத்தால் அவருக்கு அதுதான் வழி. கேஸ் கசிந்தால் கூவும் கருவி ஒன்றை இன்றே அனுப்பிவைக்கிறார். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஊசியை வைத்து மாட்டச் சொல்.

இப்போது வேலை. உனக்கு மூக்கு இல்லை, எனக்கு அளவுக்கு மீறி இருக்கிறது. ஒரே வீட்டில் பிறந்தவர்கள், பங்கிட்டுக்கொள்வோம். நீ துவை. துவைத்த துணியின் உள்மடிப்பில் ஒரு சிறு துண்டு வெட்டு, சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி அனுப்பு. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அதற்கே ஒரு வாசனை உண்டு. எது எந்தத் துணி என்று எனக்குத் தெரியக்கூடாது, எண் மட்டும் போதும். எண்ணை ஊசி ஒட்டட்டும். எங்கள் கூடத்து வழக்கப்படி மூன்று பதில்களில் ஒன்றைத்தான் நான் தருவேன்: உண்டு, இல்லை, தெரியவில்லை. தண்ணீருக்குச் சொல்வதைப் போலத்தான் உனக்கும் சொல்வேன். அண்ணன் என்று சலுகை கிடையாது.

வீட்டில் திரை, உறை, துண்டு எல்லாவற்றையும் துவைத்துக் காற்றாட விடு. மர அலமாரிகளைத் திறந்தே வை. அண்ணியின் பீரோவை மட்டும் இப்போதைக்குத் தொடாதே. திறக்கவும் வேண்டாம்.

மூடாதே.

உன் மூக்கு,
தங்கை

அக்டோபர் 6

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். முட்டி இப்போது இறங்கும்போதும் பேசுகிறது. மாடிப்படி அதிகம், அதனால்தான். மாடி முழுக்கக் கொடி கட்டியிருக்கிறேன்.

புட்டிகள் கிடைத்திருக்கும். இந்த முறை அதிகம். காரணம் இருக்கிறது. உன் மூக்கை நம்பி ஒவ்வொரு துணியையும் தபாலில் அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? கையால் ஏதாவது தெரியுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பு வைத்திருந்தவர்கள் வாசனைத் திரவம் போட்டு அலசிய துணியைத் தேய்த்தால் விரல் வழுக்கும். மெழுகு பூசியது போல. அப்படியானால் தண்ணீர் ஒட்டாதே என்று தோன்றியது. ஒரு துளி விட்டேன். முத்து மாதிரி மேலேயே நின்றது! சலவை சோடாவில் ஊறவைத்து, அலசி, காயவைத்து மறுபடி விட்டேன். நின்றது. மறுபடி ஊறவைத்தேன். மூன்றாவது முறை துளி விழுந்ததும் துணி குடித்துவிட்டது. நின்றால் தேறாது, குடித்தால் தேறும். கண்ணாலேயே பார்த்துவிடலாம்!

உடனே கையில் கிடைத்ததிலெல்லாம் துளி விட்டேன். ஒரு கோட்டு மட்டும் என்னதான் ஊறவைத்தாலும் குடிக்க மாட்டேன் என்றது. வாளி வாளியாக அலசினேன். ஊசி வந்து நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, அது மழைக்கோட்டு" என்றார். அன்று முழுக்கச் சிரித்தார். அதனால் இந்தச் சோதனை பருத்திக்கு மட்டும். கம்பளிக்கு உன் மூக்குதான்.

ஊசி மெஷினை உள்ளே கொண்டுவந்துவிட்டார். "வெளிச்சம் வந்துருச்சாக்கும்?" என்று கேட்டேன். "ஜோரா வந்துருச்சு" என்றார். நேற்று ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு மணக்கும் துணி பட்டாலே தடித்துவிடுகிறதாம். சின்னச் சட்டை ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லையே, துவைச்சதுதானா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ஊசி, "வாசனை இல்லேன்னா துவைச்சதும்மா, வாசனை இருந்தா மறைச்சது" என்றார். அந்த வரியையே பலகையில் எழுதி மாட்டிவிட்டேன். அவர் வாய்க்கு முதல்முறையாக ஒரு உபயோகம்.

நீ சொன்ன பீரோவைத் தொடவில்லை.

அண்ணன்

அக்டோபர் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. புட்டிகள் எல்லாம் உடையாமல் வந்தன. தபால்காரர், "இப்பல்லாம் உங்க பார்சல்ல ஒண்ணுமே மணக்கலையே, அண்ணன்கூட சண்டையா?" என்று கேட்டார்.

முடிவைச் சொல்கிறேன். துளியைக் குடித்தது என்று, புட்டிகளோடு ஒட்டி அனுப்பிய உன் தாளில், நீ குறித்துவைத்த பருத்தித் துண்டுகள் எதிலும் எனக்கு வாசனை வரவில்லை. ஒரே ஒரு தலையணை உறைக்கு மட்டும் "தெரியவில்லை" என்று எழுதினேன். கூட வேலை செய்பவர்களிடமும் கொடுத்தேன், அவர்களும் அப்படியே எழுதினார்கள். உன் தாளை அதன் பிறகுதான் பிரித்தேன். அந்த உறைக்கு நேரே, "துளி கொஞ்சம் தயங்கியது" என்று நீ எழுதியிருந்தாய்.

அண்ணா, நாங்கள் இத்தனை பேர் மூக்கை வைத்துக்கொண்டு திணறிய இடத்தில், நீ ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு அதையே பார்த்திருக்கிறாய். எல்லோரிடமும் காட்டினேன். மேலதிகாரி தாளைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்க அண்ணன் எங்க படிச்சார்?" என்றார். "அண்ணி கிட்ட" என்றேன். கூடத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் படுக்கை விரிப்புக்கு உன்னிடம் சொல்லி வைக்கச் சொல்கிறார்கள். வாசனை இல்லாத விரிப்பு புதுக்கடைகளில் கிடைப்பதில்லை.

இருந்த ஒன்றை இழந்துவிட்டு, அதை மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல் போனதும் எழுந்து நின்று வேறு வழி கண்டுபிடித்தாய். எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதைப் போனில் சொன்னால் "சரி, சரி, விடு" என்பாய். அதனால் எழுத்தில்.

நவம்பரில் விடுப்பு கேட்டிருக்கிறேன். ஒரு வாரம் உன் வீட்டில் இருப்பேன். இருமினால் உண்மையைச் சொல்லிவிட்டு இருமுவேன்.

பெருமையுடன்,
தங்கை

நவம்பர் 4

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

நீ சனிக்கிழமை காலை ரயிலில் வருவதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். நானும் ஊசியும் நிலையத்துக்கு வருகிறோம். கூடத்தில் உனக்குப் படுக்கை போட்டிருக்கிறது. விரிப்பு, உறை எல்லாம் துளியைக் குடித்தவை. ஊசி ஒவ்வொன்றையும் முகர்ந்து கையெழுத்துப் போடாத குறை.

பீரோவைத் தொடாதே என்று நீ ஏன் எழுதினாய் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. அவ்வப்போது திறந்து அடித்தவன் நான். அவளுடைய வாசனை போய்விட்டதோ என்று முகர்வேன், எதுவும் தெரியாது. போய்விட்டது என்று நினைத்து, காலியாக இருக்க வேண்டாம் என்று அடிப்பேன். அது அங்கேயே இருந்திருக்கலாம், என் மூக்குதான் போயிருந்தது என்று இப்போது தெரிகிறது. மேல் தட்டுகளில் எதுவும் மிஞ்சியிருக்காது. அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கீழ்த் தட்டில் ஒரு துணிப்பை இருக்கிறது. கடையில் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அதில் போட்டு வாயைக் கட்டினாள். "வந்து துவைச்சுக்கிறேன்" என்றாள். அந்தப் பையைப் பிரித்ததில்லை. முடிச்சு அவள் போட்டது. துணிப்பை என்பதால் நான் அடித்தது உள்ளே இறங்கியிருக்கலாம். இறங்காமலும் இருக்கலாம்.

என்ன தேட வேண்டும் என்று சொல்கிறேன், நீ முகரும்போது தெரியட்டும். இஸ்திரிப் பெட்டி பட்ட ஈரத் துணியின் சூடு. அவள் கொண்டையில் செருகி வைத்திருப்பாளே, அந்தப் பென்சிலைச் சீவினால் வரும் மர வாசனை. கழுத்து வேர்வை. ஆமாம், வேர்வைதான். அடுத்தவர்களுடையதைத் துவைத்தே போக்கியவளுடையது.

மூன்று பதில் என்றாயே, அதில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம். தெரியவில்லை என்றாலும் சரி. அண்ணன் மனம் நோகும் என்று உண்டு என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் கடையில் செய்தது அதைத்தான்.

உண்டு என்று நீ மெய்யாகவே சொன்னால், தினமும் முகர்ந்து பழகுவதற்கு அந்தக் கோட்டை வைத்துக்கொள்வேன். மருத்துவர் டிசம்பரில் மறுபடி பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. முடிச்சை நான் அவிழ்க்கிறேன். பையை முதலில் உன் கையில் தருகிறேன். சனிக்கிழமை, நீ வந்து முகம் கழுவியதும்.

அண்ணன்